டவுனுக்கு மேல கேரவன் பார்க் வருதாம், நகர சபைக்கு என்னா எழுதணும்?

பீலிக்கரை_பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். பதுளை மாவட்டத்துல ஒரு சின்ன டவுன், சபை பேரும் தோட்டத்துப் பேரும் போடல, போட்டா நாளைக்கே எவன் எழுதுனான்னு கண்டுபிடிச்சிருவாங்க. விஷயம் இதுதான். டவுன்ல இருந்து தோட்டத்துக்கு ஏறுற ரோட்டுல பழைய தேயிலை மலை ஒண்ணு இருக்கு, ரொம்ப வருஷமா கவ்வாத்தும் (செடிய வெட்டி விடுறது) இல்ல ஒண்ணும் இல்ல, மானாப்புல்லு ஏறிக் கெடக்கு, அத எடுத்து கேரவன் பார்க் போடப் போறாங்களாம். அதாவது கட்டில், அடுப்பு, டொய்லெட் எல்லாம் உள்ளுக்கே இருக்கிற வேன் இருக்குல்ல, அதுல வெள்ளக்காரங்க வந்து நிப்பாட்டி ரெண்டு மூணு நாள் தங்கிட்டுப் போறதுக்கு. 3 ஏக்கர், 24 வேன். பிளேன் (வரைபடம்) சபைக்குக் குடுத்தாச்சு, அடுத்த மாசம் திட்டமிடல் குழுவுல எடுக்கிறாங்கன்னு கேள்வி.

சபையில வேல செய்ற ஒருத்தருகிட்ட மெதுவா விசாரிச்சேன். "அது கட்டடம் இல்ல தம்பி, டயர் மேல நிக்கிற சாமான், அதுக்கு என்னா பெரிய அனுமதி, பாத்ரூம் கட்டுறதுக்கும் ஒபிஸ் ரூமுக்கும் தான் பெர்மிட்"னு சொல்லிட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிட்டாரு. எனக்கு அது மண்டைல ஏறல.

ஏன்னா அந்த மலைக்கு நேர் கீழதான் எங்க லயம், தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீடு. நடுவுல பீலி. மேல ஊத்துல இருந்து கறுப்பு ஹோஸ் போட்டு எடுக்கிற தண்ணி, குடிக்க, குளிக்க, உடுப்பு தொவைக்க எல்லாத்துக்கும் அதுதான். நான் எதிர்ப்புன்னு சொல்ல வரல. தங்கச்சி ஹோட்டல் கோர்ஸ் முடிச்சிட்டு வீட்டுல சும்மாதான் இருக்கா, நாலு பேருக்கு வேல வந்தா நல்லதுதான். ஆனா என்னா கேக்கணும், யாருகிட்ட கேக்கணும்னு ஒண்ணும் விளங்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

டூரிஸ்ட்வேன்_அண்ணே

தம்பி லெட்டர் எழுத முன்னாடி ஒண்ணு கேட்டுக்க. நம்ம பக்கம் எது வந்தாலும் மொதல்ல பெட்டிசன் எழுதுற ஆளுங்க இருக்காங்க, அதுனாலயே எல்லாக் காசும் எல்லன்னு இருக்கிற டூரிஸ்ட் டவுன் பக்கம் போகுது. நான் இந்த ரூட்ல வேன் ஓட்டித்தான் புள்ளைங்கள படிக்க வச்சேன். 2022ல பெட்ரோல் கியூ, பெறகு கொஞ்சம் தலை தூக்கினோம், 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து ரோட்டையும் ரயில் பாதையையும் சேத்து இழுத்துட்டுப் போச்சு. புக்கிங் எல்லாம் கேன்சல். வேன் லீசிங் மட்டும் கேன்சல் ஆகல.

இப்ப என்னா நடக்குதுன்னா, டொயோட்டா கேடிஎச் வேன உள்ளுக்கு மாத்தி கட்டில் போட்டு வாடகைக்கு விடுறாங்க, த்ரீவீல் கூரைல டென்ட் கட்டிட்டும் சுத்துறாங்க. இவுங்க எங்க நிப்பாட்டுறாங்க? லிப்டன் சீட் ரோட்டு ஓரத்துல, வியூ இருக்கிற எடத்துலல்லாம். காலைல எந்திரிச்சு டொய்லெட் தண்ணிய தேயிலைக்குள்ள ஊத்திட்டுப் போறாங்க, நானே கண்ணால பாத்திருக்கேன். அதுக்கு ஒழுங்கா ஒரு எடம் வந்தா நல்லதா கெட்டதா?

ஆனா ஒண்ணு, இழுத்துட்டு வர்ற கேரவன் (டிரெய்லர்) நம்ம ரோட்டுக்குச் சரிவராது, அத மட்டும் நானும் சொல்லுவேன். தம்பேதன்ன பக்கம் போற ரோட்டுல ஒரு பஸ் எதிர்ல வந்தா த்ரீவீலே ரிவர்ஸ் எடுக்கணும். டிரெய்லரோட ரிவர்ஸ் எடுக்கத் தெரிஞ்ச வெள்ளக்காரன் வந்தாலும் கொழுந்து லொறிக்காரன் பொறுமையா நிக்க மாட்டான்.

—

ரிட்டயர்ட்_டிஓ

சபையில தொழில்நுட்ப உத்தியோகத்தரா இருந்து பென்சன் எடுத்த ஆள் நான், எந்த சபைன்னு கேக்க வேணாம்.

"டயர் மேல நிக்கிறது, அதனால பெர்மிட் வேணாம்"னு சொன்னது பிழை. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கம், அதுல "அபிவிருத்தி நடவடிக்கை"ன்னா என்னான்னு வரைவிலக்கணம் இருக்கு. கட்டடம் கட்டுறது மட்டும் இல்ல. காணிய துண்டு போடுறது, காணி மேலயோ கீழயோ செய்ற பொறியியல் வேல, காணியோட பாவனைய மாத்துறது, இத்தனையும் அதுக்குள்ள வருது. விவசாயத்துக்குப் பாவிக்கிறதுக்கு விலக்கு இருக்கு, ஆனா தேயிலை மலைய வேன் நிப்பாட்டுற எடமா மாத்துறது விவசாயம் இல்லியே. அதனால உங்க டவுன் அந்த அதிகார சபையோட பிரகடனப் பிரதேசத்துக்குள்ள இருந்தா (நகர சபைன்னா பெரும்பாலும் இருக்கும்) முழு 3 ஏக்கருக்கும் அனுமதி எடுக்கணும், பாத்ரூமுக்கு மட்டும் இல்ல. பிரகடனத்துக்கு வெளிய இருந்தா 1915ஆம் ஆண்டு வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இருக்கு, அதுல கைப்பிடி கொஞ்சம் லூஸ்தான், ஆனா ஒண்ணுமே இல்லன்னு ஆகாது.

அப்புறம் மண்சரிவு. பதுளை மாவட்டத்துல மலைச்சரிவுல எது செய்யப் போனாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துகிட்ட, அதான் என்பிஆர்ஓ, சிபாரிசு எடுக்காம சபை கை வைக்கக்கூடாது. சுற்றுநிருபம் 2011ல இருந்து இருக்கு. அவங்ககிட்ட மண்சரிவு அபாய வலய வரைபடம் இருக்கு, அதப் பாத்து அந்த மலை எந்தக் கலர்ல கெடக்குன்னு மொதல்ல தெரிஞ்சுக்க.

நான் சொல்ல வர்றது இதுதான். வேன் பிரச்சினை இல்ல. வேன் நிக்கிறதுக்கு மட்டமா எடம் வேணும், நம்ம மலைல மட்டமான எடம் ஏது? வெட்டித்தான் ஆகணும். வீடு கட்டுறவன் ஒரு எடத்த வெட்டுவான், இவங்க 24 எடத்த வெட்டி, அதுக்கு நடுவுல திரும்புறதுக்கு ரோட்டும் வெட்டணும். கட்டடமே இல்லாத இந்த புரொஜெக்ட்ல மண் வேலை ஒரு ஹோட்டலவிட கூட. பிளேன் கெடச்சா எத்தன படி வெட்டுறாங்க, என்னா ஒசரம்னு பாத்துச் சொல்லு.

—

நுவரெலியா_நக்கல்

3 ஏக்கர்னா 480 பேர்ச்சஸ். 24 வேனுக்குப் பிரிச்சா ஒரு வேனுக்கு 20 பேர்ச்சஸ். நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி குடுக்கிறதுக்கு எத்தன அமைச்சர், எத்தன அடிக்கல், எத்தன மாலை. அடுத்த பொறவிலயாவது கேரவனா பொறக்கணும்.

—

டூரிஸ்ட்வேன்_அண்ணே

@நக்கல் அந்த 20ல ரோட்டு, பாத்ரூம், மரம் எல்லாம் சேத்திதான். கணக்க ஒழுங்காப் போடுங்க தம்பி.

—

நுவரெலியா_நக்கல்

7 பேர்ச்சஸ்லயும் ரோட்டு, கக்கூசு, கோழிக்கூடு எல்லாம் சேத்திதான் அண்ணே.

—

டீச்சரம்மா_கொஸ்லாந்தை

தம்பி, நான் கொஸ்லாந்தைப் பக்கத்து ஆள். மண்சரிவு வந்த மீரியபெத்த எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்ல. 2014 அக்டோபர் 29, காலையில, புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாங்க, வீட்டுல இருந்தவங்க போயிட்டாங்க. அந்த எடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் அதிகாரிங்க சொல்லித்தான் இருந்தாங்க. சொன்னது யாரு காதுல விழுந்துச்சு, யாரு பைல்ல படுத்துச்சு, மாத்து எடம் ஏன் குடுக்கலன்னு இன்னிக்கு வரைக்கும் பேசிட்டுத்தான் இருக்கோம். அதனால "ரிப்போர்ட் இருக்கு"ன்னு சபையில சொன்னா அதோட நின்னுராத. ரிப்போர்ட்ல என்னா எழுதியிருக்கு, அத யாரு செய்யணும், செய்யாட்டி பெர்மிட் என்னா ஆகும்னு கேளு.

தண்ணி விஷயத்துக்கு வர்றேன். பீலின்னா ஒபிஸ்ல இருக்கிறவங்களுக்கு விளங்காது, பிளேன்ல அத யாரும் வரைய மாட்டாங்க. சர்வேயர் வந்தா ரோட்டு, எல்லை, லைட் போஸ்ட் எல்லாம் குறிப்பாரு, ஊத்து எங்க பொங்குதுன்னு குறிக்க மாட்டாரு, ஏன்னா அது பத்தைக்குள்ள கெடக்கும். நீங்களே போயி அந்த ஊத்துக்கண்ணு, ஹோஸ் போற வழி, தண்ணி சேர்ற சின்னத் தொட்டி எல்லாத்தையும் போன்ல லொகேஷனோட போட்டோ எடுத்து வைங்க. மழைக்காலத்துல ஒண்ணு, பெப்ரவரி மார்ச்சுல வத்துற நேரத்துல ஒண்ணு. எந்தக் கூட்டத்துலயும் இது பேசும்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், யாரும் எழுத மாட்டாங்க. பீலில பொம்பளைங்க குளிக்கிறாங்க. மேல வியூ பாக்குற மாதிரி 24 வேன் நின்னா அந்த வியூல யாரு இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. மறைப்புக்கு மரவேலி போடணும், வியூ பாயின்ட் அந்தப் பக்கம் வைக்கக்கூடாதுன்னு கண்டிஷன் கேக்கலாம். வெக்கப்பட்டு விட்டுராதீங்க, எழுதுங்க.

—

பீலிக்கரை_பொடியன்

டீச்சர் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், "அந்த டீச்சர் சொல்றதத்தான் மொதல்ல எழுது"ங்குது.

பிளேன் பாத்துட்டேன்! குடுக்கல, மேசை மேல விரிச்சுக் காட்டினாங்க, போட்டோ எடுக்க விடல, அதனால ஞாபகத்துல இருந்துதான் சொல்றேன். மலைய 4 படியா வெட்டுறாங்க, ஒவ்வொரு வெட்டும் 10 அடி ஒசரம்னு நம்பர் இருந்துச்சு. ஒவ்வொரு படியிலயும் 6 வேன். கீழ்ப் படிக்கு ஓரத்துல ஒரு வட்டம் போட்டு இங்கிலீஷ்ல "சோக்கேஜ் பிட்"னு (கழிவுத் தண்ணி மண்ணுக்குள்ள எறங்குற குழி) எழுதியிருக்கு, அதுக்குக் கீழ எல்லைக் கோடு, அதுக்குக் கீழ வெள்ளப் பேப்பர். அந்த வெள்ளப் பேப்பர்லதான் நாங்க இருக்கோம். லயமும் இல்ல, பீலியும் இல்ல, டீச்சர் சொன்ன மாதிரியேதான்.

தேயிலைக் கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) மூணு குறுக்க ஓடுது அந்த மலைல. பிளேன்ல அந்த மூணையும் ஒரே சீமெந்துக் கானா சேத்து எங்க லயத்துப் பக்கம் ரோட்டு மதகுல விடுறாங்க. காணி யாருதுன்னா தோட்டத்துக் காணிதான், கம்பனிக்காரன் யாருக்கோ விட்டிருக்கான் போல.

—

ரிட்டயர்ட்_டிஓ

இப்பத்தான் கதை சூடு பிடிக்குது.

10 அடி வெட்டு நாலுன்னா வெட்டுன மண்ணு எங்க போகுது? இத மொதல் கேள்வியா வை. வழக்கமா நடக்கிறது என்னான்னா, மேல்பக்கம் வெட்டி எடுத்த மண்ண கீழ்ப்பக்கம் கொட்டி, டோசர்ல அமுக்கி, படிய அகலமாக்குவாங்க. பாக்க அழகா இருக்கும். பாதிப் படி பழைய இறுகுன மலை மேல நிக்குது, மீதிப் பாதி நேத்துக் கொட்டுன மண்ணு மேல நிக்குது. மழை தண்ணி அந்த ரெண்டுக்கும் நடுவுல எறங்கும். வேனும் ஓரத்துலதான் நிக்கும், ஏன்னா வியூ அங்கதான். பிளேன்ல நீளவெட்டு வரைபடம் இருக்கணும், அதுல பழைய தரைமட்டம் புள்ளிக்கோட்டுல வரும், புதுமட்டம் அதுக்கு மேல போகுதான்னு பாரு. மேல போனா அது கொட்டுன மண்ணு.

தண்ணிக் கணக்கு நீயே போட்டுக் குடுக்கலாம், எஞ்சினியர் தேவயில்ல. ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஏக்கருக்கு கிட்டத்தட்ட 4 லட்சம் லீட்டர், 3 ஏக்கருக்கு 12 லட்சம் லீட்டர். 6000 லீட்டர் பவுசர் லொறின்னா 200 பவுசர் தண்ணி. நம்ம பக்கம் 100 மில்லிமீட்டர் ஒரு ராத்திரி மழை. என்பிஆர்ஓகாரங்க 24 மணித்தியாலத்துல 75 தாண்டுனாலே அவதானமா இருங்கன்னு சொல்லுவாங்க, 100ல எச்சரிக்கை, 150ல வெளியேறச் சொல்லுவாங்க. இப்ப தேயிலையும் புல்லும் இருக்கிறதால பாதியாச்சும் மண்ணுக்குள்ள மெதுவா எறங்குது, மிச்சம் மூணு கான்ல பிரிஞ்சு போகுது. வெள்ளக்காரன் காலத்துல மண்ணு அரிக்காம இருக்கத்தான் அந்தக் கானெல்லாம் சரிவுக்குக் குறுக்க வெட்டி வச்சான். அத ஒண்ணாச் சேத்து சீமெந்து போட்டு ஒரே மதகுல விட்டா, அந்த மதகுக்குக் கீழ இருக்கிறவன் நெலம என்னா? கானு எங்க முடியுதுன்னு பிளேன்ல காட்டாம இருந்தா அந்த பிளேன் முழுசா இல்ல, திருப்பி அனுப்பச் சொல்லிக் கேக்கலாம்.

காணி விஷயம். தோட்டக் காணி கம்பனிக்குச் சொந்தம் இல்ல. 1992ல நிர்வாகத்தத்தான் கம்பனிகளுக்குக் குடுத்தாங்க, பெறகு 53 வருஷக் குத்தகை. சொந்தக்காரன் அரசாங்கந்தான், ஜனவசம இல்லாட்டி எஸ்பிசின்னு இருக்கிற அரச தோட்ட நிறுவனங்க வழியா. குத்தகைக்காரன் இன்னொருத்தனுக்கு உள்குத்தகை விடுறதுக்கும், தேயிலைய எடுத்துட்டு வேற வேலைக்குப் பாவிக்கிறதுக்கும் மேல இருந்து எழுத்துல சம்மதம் வேணும். விண்ணப்பத்தோட அந்தக் கடிதம் இருக்கான்னு ஒரு வரி கேளு. நான் இருந்த காலத்துல இந்த ஒரு வரிலயே பாதி பைல் காணாமப் போயிரும்.

—

ஹட்டன்_டு_ஒரிகன்

மச்சான், இங்க அமெரிக்கால இது தண்ணி பட்ட பாடு, ஆர்வி பார்க்னு சொல்லுவாங்க. நான் இருக்கிறதும் ஒரு சின்ன சிட்டிதான், போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு பிளானிங் கமிஷனுக்கு வந்துச்சு, வேல முடிச்சிட்டு வர்ற வழில எட்டிப் பாத்தேன். இங்க சிஸ்டம் வேற. அந்தக் காணில ஆர்வி பார்க் போட நேரடியா உரிமை இல்லாட்டி "கண்டிஷனல் யூஸ் பெர்மிட்"னு ஒண்ணு கேக்கணும், அதாவது செய்யலாம் ஆனா கண்டிஷனோட. சிட்டி ஸ்டாஃப் ஒரு ரிப்போர்ட் எழுதி முன்கூட்டியே எல்லாருக்கும் வெளில விடுறாங்க, சுத்தி இருக்கிற காணிக்காரங்களுக்கு லெட்டர் வருது, பெறகு பகிரங்கக் கூட்டம். ஆளுக்கு மூணு நிமிஷம் மைக். ஒரு கிழவி வந்து ரெண்டு நிமிஷம் தன்னோட நாயப் பத்தியே பேசுச்சு, அதையும் மினிட்ஸ்ல எழுதுனாங்க.

ஆனா பேசுன சாமான் ஒண்ணுதான். ரோட்டுல எத்தன வண்டி கூடும், 40 அடி வண்டி திரும்ப எடம் இருக்கா, ஃபயர் எஞ்சின் உள்ளுக்குப் போகுமா, கழிவுத் தண்ணி எங்க போகுது, எத்தன மணிக்குப் பெறகு ஜெனரேட்டர் போடக்கூடாது, பக்கத்து வீட்டுக்கு மறைப்பா மரம் எத்தன அடி. அங்க ரொம்ப நேரம் இழுத்தது எத்தன நாள் தங்கலாம்ங்கிறதுதான், ஏன்னா இங்க வீட்டு வாடகை கட்ட முடியாத சனம் ஆர்விலயே குடியிருக்குது, அதனால பல ஊர்ல நாள் கணக்கு வைக்கிறாங்க. உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது, ஆனா நாலு வேன் வருஷம் முழுக்க நெரந்தரமா நின்னு வாடகை ரூமா மாறுறது வரலாம், அதையும் எழுதி வை.

கழிவு விஷயத்துல ஒண்ணு தெளிவா சொல்றேன். வேன்ல ரெண்டு வகத் தண்ணி. சிங்க்ல, குளிக்கிறதுல வர்றது ஒண்ணு, டொய்லெட் டேங்க் ஒண்ணு. சின்ன வேன்ல டொய்லெட் பெட்டி 20 லீட்டர் மாதிரி இருக்கும், சூட்கேஸ் மாதிரி இழுத்துட்டுப் போயி ஊத்துறது. நாத்தம் வராம இருக்க ஒரு நீலக் கெமிக்கல் ஊத்துவாங்க, அதுல சில வகைல ஃபோர்மல்டிஹைட் இருக்கு. அது மலக்குழில இருக்கிற பக்டீரியாவையே சாகடிச்சிரும், அப்ப குழி வேல செய்யாம பச்சையாவே மண்ணுக்குள்ள எறங்கும். இங்க அதுக்குத் தனியா டம்ப் ஸ்டேஷன் கட்டி சிட்டி சூவேஜ் லைன்ல கொடுக்கச் சொல்லுறாங்க. உங்க டவுன்ல சூவேஜ் லைன் இருக்கா?

—

பீலிக்கரை_பொடியன்

சூவேஜ் லைனா? டவுன்ல கானுக்கு மூடியே இல்ல அண்ணே.

—

டூரிஸ்ட்வேன்_அண்ணே

சரி நான் கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன். கழிவு விஷயம் நியாயம், நானே தேயிலைக்குள்ள ஊத்துறதப் பத்தி எழுதிட்டு இங்க சரின்னு சொல்ல ஏலாது. ஆனா டிஓ அண்ணே சொல்ற எல்லாத்தையும் எழுதினா பார்க்கே வராது, மொதலாளி எல்லப் பக்கம் போயிருவான், பொடியன் தங்கச்சிக்கு வேலயும் இல்ல, நமக்கு ஓட்டமும் இல்ல. 24 வேன் ஏன்? 10 போதும். டவுன்ல இருந்து ஏறுற ரோட்டுக்கு ஒட்டின மேல்பக்கம் கொஞ்சம் மட்டமாத்தான் இருக்கும் (எனக்கு அந்தப் பக்கம் தெரியும், எந்த எடம்னு கண்டுபிடிச்சிட்டேன், சொல்ல மாட்டேன்), அங்க வெட்டாமயே 8, 10 நிப்பாட்டலாம். வேணாம்னு எழுதாம கொறைக்கச் சொல்லி எழுதுனா என்னா?

—

ரிட்டயர்ட்_டிஓ

வேன் அண்ணன் சொல்றதுதான் புத்தி. நான் எழுதினத நிப்பாட்டுறதுக்கான லிஸ்டா எடுத்துராதீங்க. எண்ணிக்கை கொறஞ்சா வெட்டு கொறையும், வெட்டு கொறஞ்சா கானு பழையபடி ஓடும். குழுவுக்கும் "இல்ல"ன்னு சொல்றதவிட "இப்படி மாத்திக் கொண்டாங்க"ன்னு சொல்றது லேசு, எந்த அரசியல்வாதியும் அவங்களுக்கு போன் போட மாட்டான்.

ஒரு விஷயம் தப்பா போயிரக் கூடாது. அமெரிக்கத் தம்பி சொன்ன பகிரங்கக் கூட்டம் நம்ம சாதாரண அபிவிருத்தி அனுமதிக்குக் கெடையாது. திட்டமிடல் குழுவுல தவிசாளர், செயலாளர், நகர அபிவிருத்தி அதிகார சபை ஆள், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), டிஓ இப்படித்தான் இருப்பாங்க, உன்ன உள்ள விட மாட்டாங்க. சுற்றாடல் தாக்க மதிப்பீடு வந்தாத்தான் 30 நாள் பொதுமக்கள் கருத்து. அது 1993 வர்த்தமானிப்படி (அரசாங்க கெசட்) 99 ரூமுக்கு மேல இல்லாட்டி 40 ஹெக்டேருக்கு மேல இருக்கிற ஹோட்டல், பொழுதுபோக்கு எடம் இதுக்குத்தான், உங்க 3 ஏக்கர் கணக்குல வராது. ஆனா அதே வர்த்தமானில மூணாம் பகுதின்னு ஒண்ணு இருக்கு. மண் பாதுகாப்புச் சட்டத்துல அரிப்பு ஏற்படுற எடம்னு பிரகடனம் பண்ணுன எடம், பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு கிட்ட இருக்கிற எடம் இப்படி. அதுக்குள்ள விழுந்தா சின்ன புரொஜெக்டும் வரும். உங்க மலை விழுதா இல்லியான்னு பதுளையில மத்திய சுற்றாடல் அதிகார சபை ஒபிஸ்ல கேட்டு எழுத்துல பதில் எடு.

குழுவுக்குள்ள போக முடியாட்டியும் வழி இருக்கு. 2023 மார்ச்சுல சபை எல்லாம் கலைஞ்சதுல இருந்து 2025 மே 6 தேர்தல் வரைக்கும் செயலாளர் மட்டுந்தான் எல்லாம், கேக்க ஆள் இல்ல. இப்ப உறுப்பினருங்க இருக்காங்க. உங்க வட்டார உறுப்பினர் எந்தக் கட்சியா இருந்தா என்னா, அவரு கையில லெட்டரக் குடுத்து மாசக் கூட்டத்துல வாசிக்கச் சொல்லு, அப்பத்தான் அறிக்கையில ஏறும்.

—

டீச்சரம்மா_கொஸ்லாந்தை

லெட்டர் தமிழ்லயே எழுது தம்பி. சிங்களம் தெரிஞ்ச ஆளத் தேடி ரெண்டு வாரம் அலைய வேணாம். அரசாங்க ஒபிஸுக்குத் தமிழ்ல எழுதி தமிழ்லயே பதில் வாங்குற உரிமை நமக்கு இருக்கு. பதில் சிங்களத்துல வந்தா அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போடு. எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவ அப்படிச் செஞ்சு, பெறகு தமிழ்ல வர ஆரம்பிச்சுது, எழுத்துப்பிழையோட.

பிளேன மேசையில விரிச்சுக் காட்டிட்டு சுருட்டுனாங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். ஒவ்வொரு சபையிலயும் தகவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும். பிளேன், என்பிஆர்ஓ சிபாரிசு, காணிச் சம்மதக் கடிதம், கழிவுத் தண்ணி வரைபடம், இது ஒவ்வொண்ணையும் பேரு சொல்லிக் கேளுங்க, "எல்லாத் தகவலும்"னு எழுதினா ஒண்ணும் தர மாட்டாங்க. தர்றதா இல்லியான்னு 14 வேலை நாளுக்குள்ள சொல்லியாகணும். ஆனா கூட்டம் அடுத்த மாசம்ங்கிறீங்க, அதனால திங்கக்கிழமையே போடுங்க, குடுத்ததுக்கு ரசீது வாங்காம வீட்டுக்கு வராதீங்க.

பண்டாரவளைப் பக்கம் உமா ஓயா தண்ணித் திட்டத்துச் சுரங்கத்துல 2014 கடைசில தண்ணி உடைச்சு கெணறு எல்லாம் வத்திச்சே, அப்ப சனம் சொன்னது என்னான்னா "முன்ன தண்ணி இருந்துச்சுங்கிறதுக்கு எங்ககிட்ட என்னா ஆதாரம்"னு. அதனால பீலித் தண்ணிய இப்பவே அளந்து வைங்க. ஒரு 20 லீட்டர் கேன் நெறைய எத்தன செக்கன் எடுக்குதுன்னு வீடியோ எடுத்தாப் போதும். முடிஞ்சா பீஎச்ஐகிட்ட சொல்லி தண்ணி சாம்பிள் ஒண்ணும் அனுப்புங்க, பார்க் வர்றதுக்கு முன்ன எப்படி இருந்துச்சுன்னு பேப்பர் இருக்கணும்.

—

நுவரெலியா_நக்கல்

நக்கல் இல்லாம ஒண்ணு: கரண்டையும் கேளுங்க. 24 வேன்ல ஹீட்டரும் கெட்டிலும் ஒரே நேரத்துல போட்டா லயத்துக்கு வர்ற டிரான்ஸ்போமர்ல பல்பு மெழுகுதிரி ஆயிரும். தனி டிரான்ஸ்போமர் அவங்க செலவுல.

—

பீலிக்கரை_பொடியன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. லயத்துல ராத்திரி கூடிப் பேசினோம், பாதிப் பேரு வேணாம்னே எழுதச் சொன்னாங்க, தலைவர் ஒருத்தர் "மொதலாளிகிட்ட கதைச்சு கோயிலுக்கு காசு வாங்கலாம்"னாரு, அவர அங்கயே உக்கார வச்சாச்சு. கடைசியா முடிவானது வேன் அண்ணன் சொன்ன வழி. 10க்கு மேல வேணாம், மேல்பக்க மட்டத்துல மட்டும், புதுசா வெட்டுறது இல்ல, மூணு கானும் மூணாவே ஓடணும், டொய்லெட் டேங்க் ஊத்துறதுக்கு சீல் பண்ணுன தொட்டி வச்சு கலி பவுசர்ல (கழிவு உறிஞ்சுற லொறி) எடுத்துட்டுப் போகணும், ஊத்துக்கு மேல குழியே கூடாது. குழிக்கும் தண்ணி எடுக்கிற எடத்துக்கும் நடுவுல பீஎச்ஐமார் வழக்கமா சொல்ற 50 அடி கணக்கு மலைச்சரிவுக்குப் பத்தாதுன்னு தனியா ஒரு வரி. பீலிப் பக்கம் மறைப்பு, அது அம்மா சொன்ன மாதிரி மொதல் வரில. டிரெய்லர் வேணாம். காணிச் சம்மதக் கடிதம் காட்டணும். வேலைக்கு எடுக்கும்போது தோட்டத்துப் புள்ளைங்களுக்கு மொதல் எடம்னும் போட்டிருக்கோம், அது சபையால சொல்ல முடியுமான்னு தெரியல, கெடக்கட்டும்.

பீலி அளந்தாச்சு, 20 லீட்டருக்கு 70 செக்கன்.

டிஓ அண்ணே ஒரு கேள்வி. என்பிஆர்ஓ சிபாரிசு ஏற்கனவே பைல்ல இருக்குன்னு அந்த ஒபிஸ் ஆளு இன்னிக்கு சொல்றாரு. அப்ப அது முடிஞ்ச விஷயமா?

—

ரிட்டயர்ட்_டிஓ

திகதியப் பாரு. 2025 நவம்பருக்கு முன்னாடி குடுத்ததுன்னா புதுசா எடுக்கச் சொல்லு. டித்வாவுல 600 பேருக்கு மேல போயிட்டாங்க, எத்தனையோ மலை அசைஞ்சு வெடிச்சுக் கெடக்கு, அதுக்கு முன்னாடி வந்து பாத்த ஆள் பாத்த மலை வேற. அப்புறம் சிபாரிசு எதுக்குக் குடுத்ததுன்னு தலைப்பப் பாரு. பாத்ரூமுக்கும் ஒபிஸ் ரூமுக்கும் மட்டும் கேட்டு வாங்கியிருப்பாங்க, 4 படி வெட்டுறதச் சொல்லியே இருக்க மாட்டாங்க. அப்படின்னா அந்தக் கடிதத்தோட கொப்பிய உங்க லெட்டர்ல சேத்து, அதுல இருக்கிற சதுர அடியையும் பிளேன்ல இருக்கிற 3 ஏக்கரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி அனுப்பு. கொப்பி ஒண்ணு பதுளை என்பிஆர்ஓ ஒபிஸுக்கும், ரெஜிஸ்டர் தபால்ல.